உப்புக்கு வந்தவன்

படுக்கை நனைந்தால் கத்துகிற கருவி ஒன்றை ஹேயின் வாங்கிவந்தாள். வயர் கிடையாது. ஆறு வயது மகள் தாசோலின் உள்ளாடையில் ஈரத்தை உணரும் சின்ன வில்லையை மாட்டிவிட்டு, மணியடிக்கும் பெட்டியைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கணவன் மன்ஹோ சிரித்தான். "நனைச்சவன் தலையில முறத்தைக் கவுத்து, பக்கத்து வீட்டுல உப்பு வாங்கிட்டு வாடான்னு துரத்துவாங்க. அவங்க முறத்து மேல ஒண்ணு போட்டுத்தான் உப்பே குடுப்பாங்க. நான் ஒரு நாள்கூடப் போனதில்லப்பா."

தாசோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

விடிந்ததும் பெட்டி அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளையும் மெத்தையும் காய்ந்து கிடந்தன. மறுநாளும் அப்படியே. வில்லையைக் கழற்றி, அதன் பேட்டரியையும் உருவினார்கள். பெட்டி அலறிக்கொண்டேயிருந்தது.

மன்ஹோவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எவன்டா அது நனைச்சவன்? முறத்தைக் கவுத்துக்கிட்டு வந்து உப்பு வாங்கிட்டுப் போடா!"

பெட்டி வாயை மூடியது. வாசல் மணி அடித்தது.

பதினான்காம் மாடியில், அவர்கள் வாசலில், ஈரக் கால்சட்டையோடு ஒரு பொடியன் நின்றான். முகத்தை முறம் மறைத்திருந்தது.

"உப்பு வேணும்..."

"உன் பேரென்ன கண்ணு?" என்றாள் ஹேயின்.

"மன்ஹோ."

ஹேயின் திரும்பிப் பார்த்தாள். கணவன் சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

தாசோல்தான் கிண்ணம் நிறைய உப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, முறைப்படி, சோற்றுக் கரண்டியால் முறத்தின் மேல் ஓங்கி ஒன்று போட்டாள்.

"ஐயோ, என் மண்டை!" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.