சேனை பூத்த சாயங்காலம்

தறிக்குழிக்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தான் கமலக்கண்ணன். இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"எங்கயோ எலி செத்துக் கெடக்குதுடா. ஜல்தியா தேடி எடு. பட்டுல நாத்தம் ஏறிகிச்சின்னா அப்பறம் போவாது" என்று சாம்பிராணிப் புகையோடு தறியைச் சுற்றி வந்தாள் அவன் அம்மா தெய்வநாயகி.

தறி போட்டிருக்கிற வீட்டில் நாற்றம் வந்தால் வேறு எங்கும் தேட மாட்டார்கள். நெய்கிறவர் கால் விட்டு உட்காருகிற குழிதான். அடுத்த வீட்டு வேணுகோபாலும் தன் வீட்டுக் குழியைத்தான் துழாவிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலும் அதே கூத்து. ஆரணியில் ஒரு தெருவே தலைகீழாகக் கிடந்தது.

கமலக்கண்ணன் தன் மனைவி லாவண்யாவைக் கூப்பிடவில்லை. இந்த வேலைக்கு அவள் உதவமாட்டாள். கொரோனாக் காய்ச்சலில் அவளுக்குப் போன வாசனை திரும்பவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் பத்து நாளில், இருபது நாளில் வந்துவிட்டது. அவளுக்கு நாலு வருஷம் ஆகிறது.

மல்லிகை மணம் போனதும் காப்பி மணம் போனதும் அவளுக்குப் பெரிதில்லை. காய்ச்சலுக்கு அடுத்த வருஷம் பிறந்தவள் மதிவதனி. பெற்ற பிள்ளையின் உச்சந்தலை எப்படி மணக்கும் என்று லாவண்யாவுக்குத் தெரியாது.

தெருவில் போகிற வருகிற பெண்களெல்லாம் குழந்தையைத் தூக்கி, தலையை மோந்து, சொக்கிப்போய்க் கண்ணை மூடுவார்கள். லாவண்யா பார்த்துக்கொண்டு நிற்பாள். வயிறு எரியும்.

தினம் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை குழந்தையின் தலையில் மூக்கை வைப்பாள். காற்று வரும், போகும். அவ்வளவுதான்.

இன்று சாயங்காலத்து முறை பாக்கி இருந்தது. குழந்தையைத்தான் காணோம்.

பின்கதவு திறந்து கிடந்தது.

கோடை மழை பெய்து நாலு நாள் ஆகியும் கொல்லை மண் ஈரம் மாறவில்லை. கிணற்றுச் சுவரில் மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. கிணற்றடியில் மதிவதனி குந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில், இலையும் இல்லாமல் தண்டும் இல்லாமல், தரையிலிருந்து நேராக ஒரு பூ.

முறத்தகலம் இருந்தது. அரக்குக்கும் கத்திரிப்பூவுக்கும் நடுவே ஒரு நிறம். அந்த நிறத்தில் நூலுக்குச் சாயம் ஏற்றித் தரச் சொன்னால் எந்தச் சாயக்காரரும் கையை விரித்துவிடுவார். நடுவில் சுருக்கம் விழுந்த பெரிய குமிழ். பொங்கலுக்கு வாங்கி, தொண்டையை அரிக்கும் என்று பயந்து முழுசாகத் தூக்கிப் போட்ட சேனைக்கிழங்கு இது என்று, தேடிக்கொண்டு வந்த லாவண்யாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குமிழைச் சுற்றி வண்டுகள் கிறங்கிப் பறந்தன. ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நம்பி வந்தவை, பாவம். மடலில் உட்காரும், வழுக்கும், உள்ளே விழும். ஏறப் பார்க்கும், மறுபடி விழும். உள்ளே இருட்டும் வெதுவெதுப்பும் தவிர ஒன்றும் இல்லை.

சேனைப் பூ யாரையும் கொல்வதில்லை. ஒரு நாள் உள்ளே வைத்துக்கொள்ளும். மறுநாள் மேலிருந்து மகரந்தத்தைக் கொட்டி, உடம்பெல்லாம் பூசி, போய் வா என்று அனுப்பிவிடும். வண்டும் பட்டதை மறந்து அடுத்த சேனைப் பூவில் போய் விழும். அப்படி விழுந்தால்தான் சேனை காய்க்கும். இதெல்லாம் வண்டுக்குத் தெரியாது. மதிவதனிக்கும் தெரியாது.

"அம்மா, பூச்சிங்கோ வெளிய வர முடியாம அயுவுதுங்கோ."

அறுந்த பட்டுநூல் ஒன்றைக் கயிறு போலப் பூவுக்குள் விட்டிருந்தாள். ஒரு வண்டும் அதைப் பிடிக்கவில்லை.

லாவண்யா நாலடி தள்ளி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் கேட்ட கூச்சல் யாரோ காணும் கனவைப் போல எங்கோ இருந்தது. வண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அழகாக இருந்தது. மோந்து பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தையின் தலையைத் தவிர மற்ற எதையும் மோந்து பார்க்கும் பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

நூல் எட்டவில்லை போலும். மதிவதனி இன்னும் குனிந்தாள். இன்னும் கொஞ்சம். தலை முழுக்கப் பூவுக்குள் போய்விட்டது.

லாவண்யா பாய்ந்து போய் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தையின் முடியில் இரண்டு வண்டுகள். பட்டுநூலைப் பிடிக்காதவை முடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தன. மதிவதனி கை தட்டிச் சிரித்தாள்.

வண்டுகளைத் தட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள் லாவண்யா.

காற்று வந்தது. அதன் பின்னால், வெகு தூரத்திலிருந்து நடந்து வந்தது போல, இன்னொன்றும் வந்தது.

முதலில் தொண்டைக்குத்தான் தெரிந்தது. குமட்டியது. ஓங்கரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுபடி மூக்கை வைத்தாள். மறுபடி ஓங்கரித்தாள்.

பின்கதவுக்கு வந்த தெய்வநாயகி, மருமகள் ஓங்கரிப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மனசுக்குள் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். பிறகுதான் பூ கண்ணில் பட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யே, இதுவா? கொயந்த மேலயே பொண நாத்தம் நாறுதே! குடு இங்க, நாலு சொம்பு தண்ணி ஊத்தறேன்."

லாவண்யா கொடுக்கவில்லை. குழந்தையின் தலையில் மூக்கைப் புதைத்து, தெருப் பெண்கள் மூடுவார்களே, அதே போலக் கண்ணை மூடி, ஆழமாக இழுத்தாள்.

"இப்ப ஊத்தாதீங்க அத்தே. இன்னும் கொஞ்ச நேரம்."