சனி அண்ணன் சொன்ன ரகசியம்

வால் இன்னும் முளைக்காத ஒரு வால்நட்சத்திரம், சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே வீடு திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பியது. லேசில் யாரையும் நம்பாது அது. அதிலும் வியாழனைத் துளியும் நம்பாது.

அந்த வியாழனே தூரத்திலிருந்து குரல் கொடுத்தது. "தம்பீ, இப்பப் போற வழியிலேயே நேராப் போயிடு! என் பக்கம் வந்தா உன் பாதை வளைஞ்சிடும்!"

'இவ்வளவு அக்கறையாப் பேசுறானே, என்ன திட்டம் வச்சிருக்கானோ?' என்று முழித்தது வால்நட்சத்திரம்.

"ஸ்ஸ்ஸ்!" பக்கத்தில் சனி தன் வளையத்தைச் சரிசெய்தபடி கண்ணடித்தது. "அவன் எத்தனை பேரைக் கெடுத்திருக்கான் தெரியுமா? சத்தமாச் சொல்ல முடியாது. கிட்ட வா."

வால்நட்சத்திரம் கிட்டப் போனது. கதை சுவாரசியமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனது. "நீங்க ஒருத்தராவது சொன்னீங்களேண்ணே!" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தபோது, அதன் பாதை லேசாக வளைந்திருந்தது. அது கவனிக்கவில்லை. வளைந்த பாதை நேரே வியாழனின் முன்னால் கொண்டுபோய் விட்டது.

"ஐயையோ, இங்க எங்கடா வர்றே?" என்று அலறியது வியாழன். அலறி என்ன செய்ய? அவ்வளவு பெரிய உடம்பின் இழுப்பை அடக்கிவைக்க அதனால் முடியுமா?

அது இழுத்த இழுப்பில் பாதை சின்ன வட்டமாகச் சுருங்கிவிட, அன்றோடு வீடு போச்சு. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை சூரியனையே சுற்றிச் சுற்றி வருகிறது வால்நட்சத்திரம். வியாழனைத் தாண்டும்போதெல்லாம், இப்போது முளைத்துவிட்ட வாலைச் சுருட்டிக்கொண்டு முறைக்கும்.

"சனி அண்ணன் அன்னிக்கே சொன்னாரு. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்டிருக்கணும்."