இடைவெளி இல்லாத கொடி

“சார், நீங்க வேலை செய்யறத எங்க வீட்ல எல்லாரும் தினமும் பார்த்துட்டுத்தான் இருக்கோம்” என்றார் எதிர்வீட்டு டீச்சர். “எங்க ஜன்னலுக்கும் டிசைன் போட்டுத் தரணும்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் மனைவிக்குக் கேட்கட்டும் என்று, “என்ன சொன்னீங்க டீச்சர்? காதுல சரியா விழல” என்றேன். பாவம், அவரும் இன்னொரு முறை சொன்னார்.

ரிடையரானதிலிருந்து கண்ணாடியில் டிசைன் போடுவதுதான் எனக்கு வேலை. ஸ்டென்சில் ஒட்டி, அமிலக் கிரீமைப் பூசி, ஊறவிட்டுத் துடைத்தால், பூசிய இடம் மட்டும் புகை படிந்தாற்போல் வெளுத்துவிடும். ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழுவதால் சாப்பாட்டு மேஜைதான் என் பட்டறை.

கிரீம் பட்டு நல்ல சட்டையெல்லாம் பாழானதால் மேலுக்கு ஒன்றும் போடுவதில்லை. கையில் மட்டும் மனைவி பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. கிரீம் ஊறும்வரை சும்மா நிற்பானேன் என்று கொஞ்சம் பாடுவேன், தாளத்துக்குத் தகுந்தாற்போல் இடுப்பும் தானாக அசையும்.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட நான் விட்டு வைக்கவில்லை. குளியலறைக் கண்ணாடியில் போட்ட அன்னம் சரியாக முகத்துக்கு நேரே அமைந்துவிட்டதால், அதைத் தாண்டி எட்டிப் பார்த்துத்தான் நானே சவரம் செய்துகொள்கிறேன்.

மனைவி கெடு வைத்திருந்தாள். “உங்க டிசைன் பிடிச்சுப்போயி வெளியாள் ஒருத்தராவது கேட்கட்டும், மேஜை உங்களுக்கு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை எல்லாம் பரணுக்குப் போயிடும். நாம தரையில உக்காந்து சாப்பிட்டது போதும்.”

அளவெடுக்கப் போனேன். டீச்சர் காட்டியது அவர்கள் சாப்பாட்டு அறை ஜன்னல். நாற்காலிகள் எல்லாம் மேஜையின் ஒரே பக்கமாக, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. வெறும் கண்ணாடியை யார் பார்ப்பார்கள், நான் கைவைத்த பிறகு திருப்பிப் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“மூலைல ஒரு மயில். மத்த இடத்தச் சும்மா விட்டாத்தான் எடுப்பா இருக்கும்” என்றேன்.

“மயில் வேணாம் சார். கொடியோ இலையோ, எதுன்னாலும் சரி. இடைவெளி மட்டும் விட்டுடாதீங்க.”

என் வேலைமேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜன்னல் கதவுகளைக் கழற்றி வந்து, முதுகு ஒடிய உழைத்து, இலைமேல் இலையாக நிரப்பினேன். மாட்டிக் கொடுத்த மறுநாள் மனைவியையும் கையோடு அழைத்துப் போனேன். மேஜை என் கைக்கு வந்துவிட்டதை அவளும் பார்க்க வேண்டாமா?

டீச்சர் வீட்டில் குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாற்காலிகள் இப்போது மேஜையைச் சுற்றி இருந்தன. டீச்சரின் மாமனார் ஜன்னலைப் பார்த்தபடியே இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார். நான் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துத் தொண்டையைச் செருமினேன்.

“டீச்சர், என் டிசைன் உங்களுக்கு எதனால பிடிச்சுதுன்னு இவகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

டீச்சர் என் மனைவியின் கையை ஆசையோடு பற்றிக்கொண்டார்.

“அக்கா, இனிமே சார் சட்டை இல்லாம எவ்வளவு வேணும்னாலும் ஆடட்டும், நாங்க நிம்மதியா சாப்பிடுவோம்!”