நானூற்றுப் பன்னிரண்டாம் நாள்

இரவு ஷிப்டை உதறிவிட்டு வந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு, குடியை விட நினைப்பவர்களுக்கென்று பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்கு என் அறையிலிருந்து போன் போட்டேன்.

"நீ குடிக்காம எத்தனை நாளாச்சு, பெரிய மனுஷா?" என்றேன்.

"இன்னையோட நானூத்திப் பன்னெண்டு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம், நூலகத்துக்குப் பின்னாடி. மொதல்ல செருப்பைப் போடுங்க. கீழ கண்ணாடி கெடக்கு."

குனிந்தேன். காலடியில் பாட்டில் உடைந்து கிடந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் போனேன்.

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தாங்கள் குடிக்காத நாட்களைச் சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு யாருக்கும் இல்லை. காலையில் போனில் என்னோடு பேசியது யார் என்று கேட்டேன்.

"போன் என்கிட்டதான் இருக்கு. காலையில யாருமே கூப்பிடலையேப்பா," என்றார் கூட்டத்தை நடத்திய தையல்காரர். "பாட்டிலுக்குள்ள இருந்து எவனாச்சும் பேசியிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தபோது பூஜ்யம் என்றேன்.

ஓராண்டுக்கும் மேலாகக் குடிக்காமல் இருந்தபின், போன வாரம் அந்தப் போனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. இன்று காலை பதினோரு மணிக்கு அது அடித்தது.

"நீ குடிக்காம எத்தனை நாளாச்சு, பெரிய மனுஷா?"

குழறினாலும் அது என் குரல். பின்னால் என் பழைய அறையின் மின்விசிறி கடகடத்தது. அவன் வந்தால்தான் நான் இங்கே இருக்க முடியும்.

காலண்டரில் இன்றைய தேதிக்குக் கீழே நான் எழுதியிருந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். கூட்ட நேரத்தைச் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன்.

தரையில் செருப்பு உரசும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.