பூச்சியம் நாள்

திருகோணமலைத் துறைமுகவாசிகள் சகலருக்கும் மிகுந்த பணிவுடன் அறியத்தருவது: ஐஸ் தொழிற்சாலையின் ஓயாத கணினி இன்று காலை ஓய்ந்துவிட்டதாக மனேஜர் கோணாமலை தீர்ப்பளித்திருக்கிறார். ‘தொடர்ந்து இயங்கும் காலம்’ என்ற இடத்தில் நேற்றுவரை நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள் என்று நின்ற திரை இப்போது பூச்சியம் காட்டுகிறது. ஐந்நூறாவது நாளுக்கு அவர் சொல்லிவைத்த கேக் என்னாவது? கணினியில் வேலைசெய்யும் பஸ்மியா கதிரையை விட்டு எழவில்லை. இந்தக் கணினியைப் பொருத்தி இயக்கிவிட்டு, அந்தக் கிழமையே மாரடைப்பில் போனவன் அவள் கணவன் முனாஸ். அவன் விரல் தொடக்கிவைத்ததில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். உள்ளே சுற்றும் விசிறியின் மெல்லிய இரைச்சலை அவள் அவன் மூச்சைப் போலக் கேட்டுப் பழகியிருக்கிறாள். “இது நிக்கல்ல சேர். எண்ணுறதுக்கு அதில அவ்வளவுதான் இடம். நிரம்பினா திரும்பப் பூச்சியத்துக்கு வருமெண்டு பூட்டேக்குள்ள அவரே சொன்னவர்.” “பிள்ளை, கம்பியூட்டருக்கு எண்ணத் தெரியாதெண்டு எனக்கே கதை சொல்லாதேங்கோ. ஒருக்கா நிப்பாட்டிப் போட்டா பழைய எண் வந்திடும்.” அவள் உள்ளங்கை கணினியின் பச்சை விளக்கெரியும் பொத்தானைப் பொத்துகிறது. “வேணாம் சேர்.” அவர் குனிந்து, மேசைக்குக் கீழே கணினிக்கு மின்சாரம் தரும் பற்றரிப் பெட்டியின் சுவிட்சை அணைக்கிறார். இரைச்சல் அடங்குகிறது. யன்னலால் படகு இயந்திரங்களின் சத்தம் உள்ளே வருகிறது. பொத்திய கை பொத்தியபடியே இருக்கிறது. விரலிடுக்கில் கசிந்த பச்சை வெளிச்சம் இப்போது இல்லை. மனேஜர் சுவிட்சைப் போடுகிறார். கணினி தானாக எழும்புகிறது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்க்கிறார். திரையில் அதே பூச்சியம்.