நாலு மடங்கு

“சார், இந்த வாரமும் ஆரத்துக்குப் பதிலா விட்டத்தைப் போட்டிருக்கீங்க. குரோமட்டோகிராஃபி குழாயோட கொள்ளளவு நாலு மடங்கா வந்திருக்கு!”

மாடியிலிருந்து இறங்கி வந்த சரிபார்ப்பு அதிகாரி, தாளை என் மேசையில் போட்டார்.

“வயசாச்சும்மா. எங்க ஞாபகம் நிக்குது?”

“சுவத்துலதான் ஒட்டியிருக்கே!”

சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணக்கைத் திருத்திக்கொண்டே, மகளுக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னார். வாரம் முழுக்க இந்த ஆய்வகத்துக்குள் வந்த ஒரே ஆள் அவர்தான்.

“இனி கவலையை விடுங்க சார். நாளைலேர்ந்து கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுடும்.”

“அப்போ நீங்க…?”

“படியிறங்குற வேலையே இல்ல!”

கதவு சாத்திக்கொண்டது. சுவரைப் பார்த்தேன். ‘விட்டம் அல்ல, ஆரம்!’ என்று சிவப்பு மையில் அடிக்கோடு.

புதிதாகச் சேருகிறவர்களுக்காகப் பதினோரு வருஷம் முன்பு நான் எழுதி ஒட்டியது.