சந்தையில் ஒரு சண்டை

பியூலா ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, வீட்டோடு முடங்கிக் கிடக்கும் மாற்றுத்திறனாளிகளை ஊருக்குள் அழைத்துப்போய் வரும் சேவையைத் தொடங்கியிருந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் ஆள் கமலவேணி. இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போனவள், நாற்பதைத் தொடும் வயது.

"எங்கேக்கா போகலாம்? கோயிலுக்கா, கடற்கரைக்கா?" என்று கேட்டாள் பியூலா.

"யார்கூடவாவது சண்டை போடணும். எங்க வீட்ல எல்லாரும் எங்கிட்ட மட்டும் மெதுவாவே பேசுறாங்க" என்றாள் கமலவேணி.

பியூலா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கூட்டம் பரிதாபமாகப் பார்த்து வழிவிட்டது. காய்க்காரம்மா கமலவேணியின் கால்களைக் கண்டதும் கை நிறையக் கத்திரிக்காயை அள்ளி மடியில் போட்டாள். "காசெல்லாம் வேண்டாம் தாயி, பாவம், வச்சுக்க."

கமலவேணி ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொத்தைக் காயை எந்தலையில கட்டிட்டுப் புண்ணியம் தேடுறீங்களா?"

மன்னிப்புக் கேட்க வாய் திறந்த பியூலா, கமலவேணியின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் கடைக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினாள்.

"எவடி சொன்னா சொத்தைன்னு?" காய்க்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அதன்பிறகு வார்த்தைக்கு வார்த்தை ஏறியது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். வெங்காயக்காரர் கமலவேணியின் பக்கம். நாற்காலியை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

"இனிமே என் கடைப்பக்கம் வந்து பாரு, தெரியும்" என்று முடித்தாள் காய்க்காரம்மா.

கமலவேணிக்கு மூச்சு வாங்கியது. கண்கள் பளபளத்தன.

"பியூலா, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?"